ஜீப்பின் தலைமாடு

அநியாயம் நடந்தது வெள்ளையம்மாளுக்கு. நிறைமாதக்காரியை மலையுச்சியிலிருந்து அடிவார ஆஸ்பத்திரிக்குத் தலை கீழேயும் கால் மேலேயுமாகப் படுக்கவைத்து ஜீப்பில் கொண்டுபோனார்கள். வழி முழுக்க இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் அவள் கத்தினாள்: “தலைமாட்டை மாத்திப் போடுங்க!” யாரும் மாற்றவில்லை.

பிள்ளை நல்லபடியாகத்தானே பிறந்தது, பிறகென்ன என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்த ஜீப்பில் படுத்தவர் இல்லை.

ஜீப் மலைமேல் இருந்த மடத்துக்குச் சொந்தம். பட்டாளம் ஏலம் விட்ட பழைய வண்டி. ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிக்கொண்டு காட்டுத்தீ அணைத்தது. பிறகு மரவள்ளிக்கிழங்கு சுமந்தது. அப்புறம் ஒரு டூரிங் டாக்கீஸுக்காக ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்தது. அந்தக் குழாய் ஸ்பீக்கர் இன்னும் கூரையில்தான் இருந்தது. சைரன் அதில்தான் ஒலிக்கும். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து, “இன்னைக்கு என்ன படம்?” என்பார்கள்.

அந்த ஜீப்பை ஆம்புலன்ஸாக மாற்றியவரும் ஓட்டுபவரும் ஆவுடையப்பன்தான். பட்டாள ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குரு மங்களாம்பிகை அவருக்கு மகள் வயது. தன்னைவிட இளைய பெண்ணிடம் பாடம் கேட்க அவர் வெட்கப்படவில்லை. இதற்கெல்லாம் ஒரு மனிதரைப் பாராட்ட வேண்டியிருக்கிறதே என்பது வேறு விஷயம்.

ஓட்டுபவருக்கு இடப்பக்கம் இருந்த சீட்டைக் கழற்றிவிட்டு, முன்னிருந்து பின்வரை நீளமாக ஒரு ஸ்ட்ரெச்சரைப் பொருத்தி, போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். தலைமாடு முன்னால், ஓட்டுபவரின் முழங்கைக்குப் பக்கத்தில்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெள்ளையம்மாள் மடத்துக்கு வந்தாள். கூடவே தங்கை செண்பகம். அவளுக்கும் நாள் நெருங்கியிருந்தது.

“அம்மா, எந்தங்கச்சி இந்த வண்டியில ஏற மாட்டா. டோலி கட்டித் தூக்கிட்டுப் போறோம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

டோலியில் மலை இறங்க அரை நாள் ஆகும். முந்தின மழைக்காலத்தில் டோலியில் போன ஒருத்தி பாதி வழியிலேயே பெற்றாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

குரு ஆவுடையப்பனைப் பார்த்தார்.

“என் வேலையில ஒரு குறை சொல்லட்டும் பாப்போம்!” என்றார் அவர். “பட்டாளத்துல எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கேன்! தலைமாடு முன்னாலதான்.”

“பட்டாளத்துல எத்தன பேருக்குங்கய்யா புள்ள பொறந்துச்சு?” என்றாள் செண்பகம்.

குரு சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

“அது ஏன் முன்னால?” என்று கேட்டார்.

“அப்பத்தானம்மா படுத்திருக்கவங்க சொல்லுறது ஓட்டுறவனுக்குக் கேக்கும்? நீங்களே சொல்லுங்க. இதுல என்ன தப்பு?”

குரு முந்தானையை இடுப்பில் செருகினார். ஜீப் சாவியை எடுத்தார்.

“படுங்க.”

“எங்கம்மா?”

“ஸ்ட்ரெச்சர்லதான்.”

ஆவுடையப்பன் படுத்தார். வெள்ளையம்மாள் பட்டையை இழுத்துக் கட்டினாள், கொஞ்சம் தாராளமாகவே. அக்காவும் தங்கையும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வண்டி மலை இறங்கியது.

முதல் வளைவில் ஆவுடையப்பன் அமைதியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவில் அவருடைய மீசை மூக்கை நோக்கி நகர்ந்தது. அதற்கடுத்ததில் முகம் சிவந்துவிட்டது.

“அம்மா!”

குரு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கியர் மாற்றினார்.

“அம்மா, ரத்தமெல்லாம் மண்டைக்கு இறங்குது!”

“ம், சொல்லுங்க.”

“தலைமாட்டை மாத்துங்கம்மா!”

“நல்லாக் கேக்குது,” என்றார் குரு. “நீங்க மாட்டினது சரியாத்தான் இருக்கு.”

அடுத்த வளைவும் போயிற்று. பின்னாலிருந்த இருவரும் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்துக்கொண்டது. அழவில்லை. அதுவும் வேடிக்கை பார்த்தது.

சமதளம் வந்ததும் குரு வண்டியை நிறுத்திப் பட்டையை அவிழ்த்தார். ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளையம்மாள் கேட்டாள்: “அன்னைக்கு நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சாங்கய்யா?”

“கேட்டுச்சு தாயி.”

“அப்ப ஏன் பதிலே வரல?”

அவர் குருவைப் பார்த்தார். குரு இறங்கிப்போய் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாச் சக்கரத்திலும் காற்று இருந்தது. ஆனாலும் அவர் திரும்பி வர நேரமெடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் பட்டையைச் சுருட்டிவைத்தார். எல்லோரும் அதே வண்டியில் மலை ஏறினார்கள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் ஸ்பானரோடு வந்து நின்றார்.

“அம்மா, இறங்கும்போது தலைமாடு பின்னால இருக்கணும். பிள்ளையோட ஏறி வரும்போது முன்னால இருக்கணும். எந்தப் பக்கம் வச்சு முடுக்கட்டும்?”

“நானா படுக்கப் போறேன்?” என்றார் குரு.

ஆவுடையப்பன் ஸ்பானரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு செண்பகத்தின் வீட்டுக்கு நடந்தார்.

அவள் யோசித்துச் சொன்னாள். தலை பின்னால், அக்கா கைக்கு எட்டுகிற மாதிரி. மல்லாந்து படுக்கமாட்டாள், ஒருக்களித்துத்தான். கையால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும்.

“பின்னால தலை இருந்தா எனக்குக் கேக்காதே தாயி,” என்றார்.

“நான் கத்துறது ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கும். நீங்க கவலப்படாதீங்க.”

அவர் போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எந்தப் பக்கமும் திருப்பி மாட்டுகிற மாதிரி கொக்கி வைத்தார். கம்பியும் வைத்தார். செண்பகம் வந்து படுத்துப் பார்த்து, கம்பியை ஒரு சாண் இறக்கச் சொன்னாள். இறக்கினார்.

“வண்டியிலயே வரேன்,” என்றாள். “ஒத்துவரலைன்னா பாதி வழியில டோலிதான்.”

சொன்னபடியே, வலி எடுத்த காலையில் டோலி மூங்கிலையும் ஜீப் கூரையில் ஏற்றிக் கட்டச் சொன்னாள். தூக்குவதற்கு ஆட்களும் பின்னாலேயே குறுக்குப் பாதையில் ஓடிவந்தார்கள்.

இரண்டு வளைவு தாண்டியதும் செண்பகம் வீறிட்டாள். வண்டி சட்டென்று நின்றது. ஆவுடையப்பன் எஞ்சினையே அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“என்ன தாயி? தலைமாட்டை மாத்தணுமா?”

“வலிக்குதுங்கய்யா! கத்துனேன்! போங்க!”

போனார். அடுத்த வளைவில் மறுபடி ஒரு அலறல். மறுபடி வண்டி நின்றது.

“கம்பியை ஏத்தணுமா?”

மலைச் சரிவில் ஓடிவந்தவர்களும் நின்று எட்டிப் பார்த்தார்கள். வெள்ளையம்மாள் தங்கையின் தலையைப் பிடித்தபடியே சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“அடப் பாவி மனுசா! அன்னைக்கு ஒரு தடவ நின்னிருந்தாப் போதுமே!”

ஆவுடையப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழுவதுமாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நின்னிருக்கணும் தாயி. எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டேன்.”

“அய்யோ, அதையெல்லாம் அப்புறம் பேசிக்கங்க!” என்று செண்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “நான் நிறுத்துன்னு சொன்னா நிறுத்துங்க! இப்ப வண்டிய எடுங்க!”

“சரி தாயி,” என்றார் ஆவுடையப்பன்.