இடப்பக்கத்து வரி

"மனசு ஒப்பாம வாயால மட்டும் செபம் சொன்னா அது பொய்தான சாமி?" என்று கேட்டார் சந்தியாகு.

ரெமிஜியுஸ் சாமியார் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

சந்தியாகுவுக்குச் சாமியாருடைய அப்பா வயது. ஒரே மகன் இன்னாசி கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீட்டில் தனியாக இருக்க முடியாமல் இந்தக் கடலோர ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர்.

ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு சிறு ஆலயம், இரண்டே பேர். முன்பு இருந்தவர்கள் நினைத்தபோது செபித்தார்கள். போகப்போக நினைப்பதையே மறந்துவிட்டு, ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

ரெமிஜியுஸ் சாமியார் வந்துதான் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். காலை, நடுப்பகல், அந்தி, மூன்று வேளையும் மணி. வலப்பக்கம் சாமியார், இடப்பக்கம் சந்தியாகு, எதிரெதிராக நிற்க வேண்டும். ஒரு வரி அவர், மறுவரி இவர்.

"இருக்கதே ரெண்டு பேரு. இதுக்கு ரெண்டு பக்கமா?" என்று முதல் நாள் சந்தியாகு சிரித்தார்.

அந்திச் செபத்தில் சிரிப்பு நின்றது.

"கடலில் இருப்பவர்களைக் காத்தருளும்" என்றார் சாமியார்.

இடப்பக்கத்துக்கான மறுவரி சந்தியாகுவிடம் கொடுத்திருந்த செபத் தாளில் இருந்தது. 'திரும்பாதவர்களை உமது கரையில் சேர்த்தருளும்.'

அதைச் சந்தியாகுவால் ஒரு நாளும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி.

"அதைச் சொன்னா எம்மவன் செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்? மனசு வரட்டும் சாமி. அப்புறம் வாரேன்."

"சரி அண்ணாச்சி" என்றார் சாமியார். அவ்வளவுதான்.

அதன்பிறகு சந்தியாகு ஆலயத்துப் பக்கமே போகவில்லை. மணி அடித்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். சாமியாரோ மணியை நிறுத்தவும் இல்லை, இவரை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்தப் பொறுமை எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

மழைக்காலம் முடிந்தது. மனசு வரவில்லை. இனி எதற்கு இங்கே என்று ஒரு நாள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார் சந்தியாகு.

ஆலயத்தைத் தாண்டும்போது சாமியாரின் குரல் கேட்டது. ஒரு வரி. பிறகு சத்தமே இல்லை.

தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தார். அடுத்த வரி வந்தது. மறுபடியும் அமைதி.

சந்தியாகுவுக்கு அந்தச் செபம் மனப்பாடம். சாமியார் தம் வரிகளை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தார். சாமியார் வலப்பக்கம் நின்றபடி, காலியான இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சந்தியாகுவின் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் விளக்கும் எரிந்தது.

"என்ன சாமி இது? என் வரியையும் நீங்களே சொல்லிர வேண்டியதுதான?"

"அது உங்க வரி அண்ணாச்சி. நான் எப்படிச் சொல்ல?"

"தெனமுமா இப்படி நிக்கீங்க?"

"மூணு வேளையும்."

சந்தியாகுவுக்கு அழுகை வந்துவிட்டது.

"மனசு இன்னும் வரலியே சாமி."

சாமியார் விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தார்.

"கடலில் இருப்பவர்களைக் காத்தருளும்."

சந்தியாகு பையை வாசலில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இடப்பக்கம் நின்றார்.

"திரும்பாதவர்களை..."

அதற்குமேல் குரல் எழும்பவில்லை. சாமியார் காத்திருந்தார். வெளியே பஸ் வந்து, ஹாரன் அடித்து, கிளம்பிப் போனது. சாமியார் அப்போதும் காத்திருந்தார்.

"திரும்பாதவர்களை... எம்மவன் இன்னாசியை... உமது கரையில் சேர்த்தருளும்."