எத்தனை நொடி காத்திருப்பது

புகழேந்திக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் கரும்பு ஆலையின் எடைமேடைக் கூண்டுக்குள் அவள் நுழைந்ததும் எழுந்து நின்றார். நிற்கத் தெம்பில்லாமல் மறுபடி உட்கார்ந்தார். நிம்மதியாகக் கண்ணை மூடி எத்தனை நாளாயிற்று என்பது அவருக்கே மறந்துவிட்டது.

"தராசு பொய் சொல்லுது மேடம்."

தராசிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டுக்கு வந்தது. அதன் வழியே ஒவ்வொரு இலக்கமாக வரும் எடையைப் படித்துத் திரையில் காட்டுவதுதான் அவர் எழுதிய புரோகிராமின் வேலை. பதினேழாயிரத்துச் சொச்சம் கிலோ கரும்பை அது சில சமயம் ஒழுங்காகக் காட்டும். சில சமயம் வெறும் நூற்றெழுபது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். வெளியே லாரிகள் வரிசைகட்டி நின்றன. கரும்பு வெயிலில் காய்ந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்த வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது?

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

"கம்பியை மாத்தினேன். படிக்கிறதுக்கு முன்னாடி அரை நொடி தூங்குன்னு புரோகிராமுக்குச் சொன்னேன். அப்புறம் ஒரு நொடி. இப்ப ரெண்டு." நமக்குத்தான் தூக்கமில்லை, அதுவாவது தூங்கட்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். "எவ்வளவு நேரம் காத்திருக்கணும் மேடம்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னலில் வயதான ஓர் அம்மாளின் முகம் தெரிந்தது. மேடைமேல் நின்ற லாரியில் இருந்தது அவருடைய கரும்பு.

"தம்பி, எடை வந்து..."

"குறைச்சலா காட்டுது, அதானே? தெரியும்மா. மறுபடி போடறேன், போங்க."

"அது இல்லப்பா, லாரியில..."

"காலையிலேர்ந்து எல்லாரும் இதே பாட்டுதான். போங்கம்மா!" என்று எரிந்து விழுந்தார்.

ஜெசிந்தா கதவைத் திறந்து அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்தார், முந்தானையால் முகம் துடைத்தார், மூச்சு வாங்கினார். புகழேந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெசிந்தா ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டின ஆளுங்க ரெண்டு பேரு கரும்பு மேலயே படுத்துத் தூங்கறாங்க. பாவம், எழுப்ப மனசு வரல."

கொஞ்சம் நிறுத்தினார். புகழேந்தி வாயைத் திறந்தார். ஜெசிந்தா கையைக் காட்டி அடக்கினாள்.

"அவங்களையும் சேர்த்து எடை போட்டுடாதீங்க. இல்லாத எடை நமக்கு வேணாம். அவ்வளவுதான் தம்பி, சொல்ல வந்தது."

புகழேந்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த அம்மாள் போனபின் ஜெசிந்தா கேட்டாள்: "அவங்க எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"கவனிக்கல மேடம்."

"அப்புறம், பேசி முடிச்சுட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்களே சொன்னாங்களே, அவ்வளவுதான்னு."

"இந்தத் தராசும் ஒவ்வொரு எடைக்கும் பின்னால, வரி முடிஞ்சுதுன்னு ஒரு குறி அனுப்புது. ஒரு தடவையாவது அதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா?"