பிரசாதம் கணக்கில் வராது

தட்டு எழும்பவே இல்லை.

துலாபாரத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்த் தட்டில் போன மாதம் வைத்த அதே எடைக்கற்கள். ஒரு கல்லைக்கூட எடுக்க முடியவில்லை.

"இன்னொரு தடவை பாருங்க சாமி. சங்கிலி எங்கேயாவது சிக்கியிருக்கும்."

"சங்கிலிக்கு நேத்துதான் எண்ணெய் போட்டேன். இறங்குங்க அண்ணாச்சி" என்றார் சாமி.

சாமி என்றால் மலையடிவார மடத்துச் சாமி. ஆவுடையப்பனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குரு குருதான். டயர் கடை வைத்திருக்கும் ஆவுடையப்பன் பல வருஷமாக அவருக்குச் சீடர். மெடிக்கல் கடை எடை மெஷின் பொய் சொல்லுகிறது என்று மடத்துத் தராசுக்கு வந்தார். வேண்டுதல் பலித்த நேர்ச்சைக்காரர்கள் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிற தராசு அது. தெய்வத்துக்கு முன்னால் தொங்குகிற தராசாவது கொஞ்சம் இரக்கம் காட்டும் என்று நினைத்தார். காட்டவில்லை.

விஷயம் இதுதான். அவர் தம்பி சிதம்பரவேலுக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அண்ணன் ஈரலில் ஒரு துண்டை வெட்டி வைத்தால் பிழைப்பான். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. ஆனால் அண்ணன் ஈரலில் கொழுப்பு. எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், சீக்கிரம் வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தினமும் மலையைச் சுத்துறேன் சாமி. ஒரு நாள் விட்டதில்லை. வாட்சைப் பாருங்க." மணிக்கட்டை நீட்டினார். "இன்னைக்கு அறுநூறு கலோரி எரிஞ்சிருக்கு."

"சரி."

"எரிஞ்ச அறுநூறைத் திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா? என் மகன் சாப்பிடலாம்ங்கிறான். அவன் அம்மா கூடாதுங்கிறா. யூடியூப்ல ஒருத்தன் பாதி சாப்பிடுங்கிறான். நீங்க சொல்லுங்க."

சாமி சங்கிலியைக் கொக்கியில் மாட்டினார்.

"நாளைக்கு நானும் சுத்த வர்றேன்."

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். சாமி கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. தண்ணீராக இருக்கும் என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

அந்த மலைப்பாதையில் தினமும் யாராவது நேர்ச்சைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை பாஸானால் பொங்கல். மாடு கன்று போட்டால் சுண்டல். நடப்பவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.

பிள்ளையார் கோயில் முன்னால் வெண்பொங்கல்.

"பசிக்குதா அண்ணாச்சி?"

"வாட்ச் நூத்தம்பது காட்டுது சாமி."

சாப்பிட்டார். சாமியும் ஒரு தொன்னை வாங்கி, வாளியைத் திறந்து உள்ளே கொட்டினார். மடத்தில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறார்போல என்று ஆவுடையப்பன் விட்டுவிட்டார்.

சுனைத் திருப்பத்தில் சுண்டல்.

"பசிக்குதா?"

"பிரசாதத்துக்குப் பசி எதுக்கு சாமி?"

"இதை அறுநூறுல கழிப்பீங்களா?"

ஆவுடையப்பனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "பிரசாதம் சாப்பாடா? விரதம் இருக்கிறவனே வாங்கிச் சாப்பிடுறான், விரதம் முறியுதா? நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?"

சாமி சுண்டலை வாளியில் போட்டார்.

அடுத்த வளைவில் ஒருவர் புது லாரி வாங்கியதற்காக இரண்டாவது நாளாகச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி! நேத்து ரெண்டு தொன்னை வாங்கினீங்க, இன்னைக்கு ஒண்ணுதானா? ஓ, சாமி கூட வந்திருக்காரு. அதான் இந்த அடக்கம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்தார். காது சிவந்துவிட்டது.

வாய் நிறையப் பொங்கலோடு நடக்கும்போது போன் அடித்தது. தம்பி. ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்ட்டியாண்ணே?"

"இல்லடா, நடக்கேன்."

"வாயில என்னது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுல நெய் வாசம் மதுரை வரைக்கும் வருது. தின்னு, தின்னு. எனக்கு இங்க உப்பில்லாத கஞ்சி. என் பங்கையும் நீயே தின்னு." சிரிக்கப் போய் இருமினான். இருமி முடிக்க நேரம் பிடித்தது. "டாக்டர்தான் உன்னைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் ஒண்ணும் கேக்கலண்ணே. பைய வா."

வைத்துவிட்டான். அதற்கப்புறமும் வழியில் கொடுத்த கேசரியை ஆவுடையப்பன் வாங்கத்தான் செய்தார்.

மடத்துக்கு வந்ததும் சாமி வாளியை அவர் முன்னால் வைத்தார்.

"திறங்க."

அடியில் வெண்பொங்கல். அதன் மேல் சுண்டல். அதன் மேல் சர்க்கரைப் பொங்கல், வடை. எல்லாவற்றுக்கும் மேலே கேசரி. மூடியைத் திரும்ப வைத்தால் சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

"நீங்க வாங்கினதெல்லாம் நானும் வாங்கினேன்" என்றார் சாமி. "இனி வீட்டுக்குப் போய்?"

"அறுநூறுக்கு… நாலு இட்லி. ஒரு செட் பூரி."

"வழியில எங்கேயாவது பசிச்சுதா?"

ஆவுடையப்பன் வாளியையே பார்த்தார். பொய் சொல்ல வாய் திறந்தார். வரவில்லை.

"இல்ல சாமி."

"அப்புறம்?"

வாட்ச் வாரை இறுக்கினார், தளர்த்தினார்.

"தட்டு எழும்பிட்டா மதுரைக்குப் போகணும்ல."

சாமி தராசைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"இங்கேருந்து இங்கே வரைக்கும் கிழிப்பாங்களாம்." ஆவுடையப்பன் விரலால் வயிற்றில் கோடு போட்டுக் காட்டினார். "ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அவங்க வயிறா? மயக்க ஊசி போட்டு முழிக்காமலே போயிட்டா? ராத்திரி படுத்தா இதுதான். காலையில எந்திரிச்சா கால் நடக்குது சாமி, வாய் தின்னுது. ரெண்டும் என்னைக் கேக்குறதில்ல." மூக்கைத் துடைத்தார். "அவனைத் தோள்ல தூக்கி வளர்த்தவன் நான். அவனுக்கு ஒரு துண்டு ஈரல் கொடுக்க இப்படின்னா நான் என்ன மனுஷன்?"

"பயந்த மனுஷன்" என்றார் சாமி.

திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே குரங்குகள் தகரக் கூரையில் ஓடின.

கொஞ்ச நேரம் கழித்து ஆவுடையப்பன், "நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே. திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா?" என்றார்.

"பசிச்சு வாங்க. மடத்துல கஞ்சி இருக்கு, நானே ஊத்துறேன். வாட்ச் எவ்வளவு காட்டுதுன்னு கேக்க மாட்டேன்."

போன் அடித்தது. மறுபடியும் சிதம்பரவேல்.

ஆவுடையப்பன் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுங்க" என்றார் சாமி. "பயமா இருக்கு, நான் வரலைன்னு சொல்லிருங்க. அவன் கோவிக்க மாட்டான். அவன்தான் ஒண்ணும் கேக்கலையே. சொல்லிட்டு இந்த வாளியை வைச்சு நிம்மதியாச் சாப்பிடுங்க. நாளையிலேருந்து மலையும் சுத்த வேண்டாம், தராசுலயும் ஏற வேண்டாம்."

எடுத்தார்.

"சாப்ட்டியாண்ணே?"

"டேய். எனக்குப் பயமா இருக்குடா."

அந்தப் பக்கம் ஏதோ வண்டியை வார்டில் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்குந்தாண்ணே" என்றான் சிதம்பரவேல்.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"வரலைன்னு சொல்லுங்க" என்றார் சாமி, மெல்ல.

ஆவுடையப்பன் மூடாமல் நின்ற வாளி மூடியை உள்ளங்கையால் அமுக்கி மூடினார். சொல்லவில்லை.