இதுவரைக்கும் சரி

தங்கபுஷ்பம் டீச்சரின் வண்டி நாலாவது முறையாகப் போய் முட்டியது.

வண்டி என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, இரண்டு சக்கரம், முன்னால் கண் மாதிரி இரண்டு வட்டம் வைத்த ஒரு சென்சார். எதிரே ஏதாவது வந்தால் தூரத்தை அளந்து, ஒரு சாண் இருக்கும்போதே அது நின்றுவிட வேண்டும். மற்ற ஆசிரியர்களின் வண்டிகள் நின்றன. இவருடையது மட்டும் மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளை போல விறுவிறுவென்று போய், சுவரோரம் அடுக்கியிருந்த பழைய பதிவேடுகளில் மூக்கை இடித்துக்கொண்டது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு எட்டு நாள் பயிற்சி அது. பிள்ளைகளுக்கு ரோபோ செய்யவும் அதற்குப் புரோகிராம் எழுதவும் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால், முதலில் ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா. இன்று கடைசி நாள். மாலை நாலு மணிக்கு யார் வண்டி சரியாக நிற்கிறதோ, அந்தப் பள்ளிக்கு ஒரு பெட்டி. அதில் பத்து வண்டிக்கான சாமான். மற்றவர்களுக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருடம் தங்கபுஷ்பம் டீச்சர் பள்ளியில் இருக்கமாட்டார். வருகிற மே மாதத்தோடு ஓய்வு. கிளம்பும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "பெட்டி இல்லாம திரும்பி வரமாட்டேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த முப்பத்திரண்டு முகமும் இப்போது கண் முன்னால் வந்து நின்றன.

பயிற்சி கொடுப்பவள் ஹாஜிரா. இருபத்தேழு வயது. எட்டாம் வகுப்பில் இவரிடம் கணக்குப் படித்தவள். முதல் நாள் தங்கபுஷ்பம் டீச்சர் அறைக்குள் நுழைந்தபோது, மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்த ஹாஜிரா பழைய பழக்கத்தில் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். அவள் எழுந்ததைப் பார்த்து, அதிகாரி யாரோ வருகிறார் போலிருக்கிறது என்று இருபது ஆசிரியர்களும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க மேடம்" என்றார் தங்கபுஷ்பம் டீச்சர். "இங்க நீங்கதான் டீச்சர். நான் பிள்ள."

சொன்னதோடு நிற்கவில்லை. எட்டு நாளும் மேடம், மேடம்தான். ஹாஜிராவுக்கு ஒவ்வொரு முறையும் காது சிவந்தது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் வண்டியையும் தொடமாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக வருவாள். பார்ப்பாள். ஒரு கேள்வி கேட்பாள். போய்விடுவாள்.

நாலாவது முட்டலுக்குப் பிறகும் அப்படித்தான் வந்து நின்றாள்.

"மேடம், ஒரே ஒரு தடவ நீங்களே பாத்துச் சரிபண்ணிக் குடுத்துருங்களேன்."

"நான் சரிபண்ணா அது என் வண்டி டீச்சர்."

"யார் வண்டியா இருந்தா என்ன? பெட்டி எம் பிள்ளைகளுக்குத்தான?"

"ஆமா. அங்க அவங்க வண்டி முட்டும்போது யாரக் கூப்பிடுவாங்க?"

தங்கபுஷ்பம் டீச்சருக்குச் சுருக்கென்றது. ஹாஜிரா அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

பக்கத்து மேசை பேச்சிமுத்து சார் நல்ல மனுஷன். சின்ன வயது. குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், என்னோட புரோகிராம அப்படியே ஏத்திக்கிடுங்க. ரெண்டு நிமிசம். யாருக்குத் தெரியப் போகுது?"

தன் பென்டிரைவை இவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். டீச்சர் அதை எடுக்கவுமில்லை, தள்ளி வைக்கவுமில்லை. அது பாட்டுக்கு அங்கே கிடந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தங்கபுஷ்பம் டீச்சர் மட்டும் டிபன் கேரியரைத் திறக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹாஜிரா வந்தாள்.

"வயரப் பாத்தாச்சா டீச்சர்?"

"மூணு தடவ."

"பேட்டரி?"

"புதுசு."

"சென்சார்?"

"கழட்டி பேச்சிமுத்து சார் வண்டியில மாட்டிப் பாத்தேன். அங்க நல்லா வேல செய்யுது."

"அப்ப தப்பு எங்க?"

"எழுதினதுலதான். வேற எங்க?" டீச்சர் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். "எல்லாமே தப்பு. அந்தத் திரையப் பாத்தாலே கண்ண இருட்டுது. எனக்கு இது வராது மேடம்."

"வராதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே."

ஹாஜிரா அந்தத் திரையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தங்கபுஷ்பம் டீச்சருக்கு மனசு விட்டுப்போயிற்று. தான் படிப்புச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் வாயா தேய்ந்துவிடும்? கை தானாகப் பென்டிரைவை எடுத்தது. மூடியைக் கழற்றியது. பிறகு மூடியது.

ஹாஜிரா தன் மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவளும் சாப்பிடவில்லை. பத்து நிமிடம் கழித்து எழுந்து வந்தாள். கையில் ஒரு கோடு போட்ட தாள், ஒரு சிவப்புப் பேனா.

"டீச்சர், ஒரு உதவி. ஒருத்தங்க எழுதினது. திருத்திக் குடுங்களேன்."

சிவப்புப் பேனாவைக் கண்டதும் தங்கபுஷ்பம் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையில் ஏற்றியிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம், அதற்குத் திரையும் தெரியாது, ரோபோவும் தெரியாது. தாள் வந்தால் திருத்தும், அவ்வளவுதான்.

"கேள்வி என்ன?"

"வண்டி ஓடணும். எதிர்ல சாமான் வந்தா நிக்கணும்."

விரல் முதல் வரியில் ஊன்றியது. புரோகிராம் இரண்டு பகுதியாக இருந்தது. மேல் பகுதி, கிளம்பும்போது ஒரே ஒரு முறை செய்ய வேண்டியது. கீழ்ப் பகுதி, பேட்டரி தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது.

"மோட்டார் எங்க மாட்டியிருக்குன்னு சொல்லியிருக்கு. சரி. சென்சார் எங்கன்னு சொல்லியிருக்கு. சரி. தூரத்த அளந்து வச்சுக்கிடுது. சரி." விரல் கீழ்ப் பகுதிக்கு இறங்கியது. "தூரம் இருபது சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா நில்லு. இல்லன்னா ஓடு. முடிஞ்சா மறுபடி இங்க வா. வந்து, தூரம் இருபதுக்குக் கீழ..."

விரல் நின்றது.

"எந்தத் தூரம்?"

விரல் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று.

"இங்க அளக்கவே இல்லையே!"

கீழ்ப் பகுதியின் முதல் வரிக்குப் பக்கத்தில் தங்கபுஷ்பம் டீச்சர் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

"இதுவரைக்கும் சரி. இங்கதான் கோளாறு." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு பெத்த பிள்ள இது? கிளம்பும்போது ஒரே ஒரு தடவ அளந்துச்சு. எதிர்ல ரெண்டு மீட்டர் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதோட கண்ண மூடிட்டு. கிட்டப் போனபெறகும் அதே ரெண்டு மீட்டர நம்பிக்கிட்டு ஓடுது. முட்டாம என்ன செய்யும், மூதி?"

சொல்லி முடித்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். தாளைப் பார்த்தார். மேசையிலிருந்த வண்டியைப் பார்த்தார்.

"ஏட்டி! இது என்னோடதா?"

எட்டு நாளில் முதல் தடவையாக, பள்ளியில் அவளைக் கூப்பிட்ட அந்தப் பழைய 'ஏட்டி' வந்து விழுந்தது. ஹாஜிராவின் முகம் மலர்ந்துவிட்டது. கை மட்டும் பின்னாலேயே கட்டியிருந்தது.

ஒரு வரிதான். மேலே இருந்ததைக் கீழே இறக்கினார். வண்டிக்கு ஏற்றினார். தரையில் விட்டார்.

வண்டி ஓடியது. பதிவேடுகளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பதிவேடுகளை நகர்த்தினார். மறுபடி ஓடியது. டிபன் கேரியரை வைத்தார். நின்றது. அதை எடுத்துவிட்டுத் தன் கையை நீட்டினார். கைக்கு முன்னாலும் நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்த ஆசிரியர்கள் பார்த்தபோது, தங்கபுஷ்பம் டீச்சர் பட்டுச்சேலையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே வந்து நிற்கும் வண்டியிடம், "வாடா, இன்னுங் கொஞ்சம் வா, பாப்போம்" என்று வம்பு பண்ணிக்கொண்டிருந்தார்.

பென்டிரைவைப் பேச்சிமுத்து சாரிடம் திருப்பிக் கொடுத்தார். "ரொம்ப நன்றி சார். கேக்காமலே குடுத்தீங்க. இனிமே வேண்டாம்."

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. கையெழுத்துப் போடும்போது தங்கபுஷ்பம் டீச்சருக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைக்க ஹாஜிராவும் வாசல் வரை வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"ஏட்டின்னே கூப்பிடுங்க டீச்சர்."

"சரிட்டி. மொத தடவ முட்டினப்பவே தப்பு எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். நான் இப்படித் தவிச்சிருக்க மாட்டேன்."

"ஆமா டீச்சர்."

தங்கபுஷ்பம் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன் தாயி. எம் பிள்ளைகளுக்கும் நான் இப்படித்தான் சொல்லிக்குடுக்கணும். அதான் கேக்கேன். இத உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

ஹாஜிரா ஆட்டோவிலிருந்த பெட்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

"எட்டாம் வகுப்பு, அரையாண்டு, கணக்குப் பரீட்ச. நூத்துக்குப் பன்னெண்டு. உம்மாவுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். தப்புக்குப் போடுற பெருக்கல் குறி மட்டும் தெரியும். மத்த தாள் எல்லாத்துலயும் அதப் பாத்துத்தான் அடிப்பாங்க. உங்க தாள முன்னப் பின்னத் திருப்பித் திருப்பித் தேடினாங்க, ஒண்ணுகூட இல்ல. ஒவ்வொரு கணக்குலயும் நடுவுல ஒரு சிவப்புப் புள்ளிதான் இருந்துச்சு. இது என்னதுட்டின்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"'இதுவரைக்கும் எனக்கு வரும் உம்மா'ன்னு சொன்னேன் டீச்சர்."