எந்த வயலின் புத்தகம், டீச்சர்?

"நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க டீச்சர். இல்லேன்னா என் வகுப்பை இழுத்து மூடிர வேண்டியதுதான்."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் சிதம்பரநாதன் காந்திமதி டீச்சர் வீட்டுப் படியேறினார். கையில் ஒரு கட்டைப்பை. பை நிறைய வயலின் புத்தகங்கள்.

சிதம்பரநாதன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறார். டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவருக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர்தான். பாளையங்கோட்டையில் அவர் பணிந்து பேசுகிற ஒரே வீடு அது.

"உட்காருங்க சார். பிள்ளைங்களுக்கு என்ன?"

"ஒவ்வொண்ணா நின்னுட்டு. முத்துச்செல்வி ஒருத்திதான் பாக்கி. நேத்து அவளும், 'வெள்ளிக்கிழமையோட நின்னுக்கிடுதேன் சார், போரடிக்கு'ன்னுட்டா."

சாயங்காலம் பிள்ளைகள் வருவார்கள் என்ற ஒன்றை வைத்துத்தான் அவர் பகல் முழுவதையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"புத்தகம் சரியில்ல டீச்சர். அதான் கடையில இருந்த எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துட்டேன்."

"எதையாவது வாசிச்சுப் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் பாத்தேன். முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். ஒரு இடத்துலயும் கை தடுமாறி நிக்கல!"

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டீச்சர் தன் வயலினை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் சம்மணம் போட்டு, வழக்கம்போல வலது கணுக்காலில் வயலின் தலையைச் சாய்த்து, வில்லுக்குக் கை நீட்டினார்.

டீச்சர் வில்லை அவருடைய இடது கையில் கொடுத்தார்.

"மாத்திக் குடுத்திட்டீங்க டீச்சர்."

"மாத்தித்தான் குடுத்தேன். வயலினையும் அந்தப் பக்கம் திருப்புங்க. இப்ப புதுசா வந்த பிள்ளை மாதிரி வாசிச்சுப் பாருங்க."

அவர் முதல் புத்தகத்தைத் திறந்தார். பளபளவென்று வழுவழுத் தாள். எப்படி உட்கார வேண்டும், மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும் என்று நான்கு பக்கம். படித்து முடிப்பதற்குள் இடது கை மரத்துவிட்டது.

இரண்டாவது புத்தகத்தில் எடுத்த எடுப்பிலேயே சரளி வரிசை, மூன்று கால வேகத்திலும். முதல் காலத்திலேயே வில் வழுக்கிப் பக்கத்துத் தந்தியில் போய் விழுந்தது. துருப்பிடித்த கேட்டைத் திறந்த மாதிரி ஒரு சத்தம். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கமா என்று இருந்தது.

"போதும் டீச்சர்."

"பை அடியில ஒண்ணு கிடக்கே."

"அது சும்மா கிடக்கு. சின்னப்பிள்ளை விளையாட்டு. அதுவும் ஒவ்வொரு பக்கத்துலயும் பாதியை வீணடிச்சு வெச்சிருக்கான். மேல பிள்ளைக்கு ஒரு வரி, கீழ வாத்தியாருக்கு ஒரு வரின்னு. வாத்தியாருக்கு எதுக்கு பாடம்?"

"நீங்க வகுப்புல வாசிக்க மாட்டீங்களா?"

"நான் வாசிச்சா பிள்ளைங்க எப்ப வாசிக்கும்? ஸ்கேலால தாளம் தட்டித் தப்பைத் திருத்தவே நேரம் பத்தல. என் வயலின் பீரோ மேல கிடக்கு."

டீச்சர் அந்தப் புத்தகத்தை எடுத்து விரித்து வைத்தார். 'ரயில் வருது' என்று ஒரு பாடம். பிள்ளைக்கு ஒரே தந்தி. விரலே வைக்க வேண்டாம். நீளமாக ஒரு இழுப்பு, பிறகு குட்டிக் குட்டியாய் நாலு.

"பிள்ளை வரியை நீங்க வாசிங்க."

அவர் இழுத்தார். கோணல்மாணலாகத்தான் வந்தது. டீச்சர் மூலையில் இருந்த இன்னொரு வயலினை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து, கீழ் வரியை வாசிக்கத் தொடங்கினார்.

சிதம்பரநாதனுடைய கோணல் ஒலி திடீரென்று தண்டவாளமாகிவிட்டது. அதன்மேல் டீச்சரின் பாட்டு குடுகுடுவென்று ஓடியது. அவர் வில்லை விடவே இல்லை. விட்டால் ரயில் நின்றுவிடுமே!

பாடம் முடிந்தது. டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"டீச்சர், டீச்சர்! இன்னொரு தடவை!"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது.

டீச்சர் உள்ளே காபி போடப் போய்விட்டார். அவர் காபிக்கு இருக்கவில்லை. அந்த ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை முத்துச்செல்வி வந்தாள். தோளில் இருந்த பையைக் கழற்றாமலே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா சீக்கிரம் வரச் சொன்னாங்க சார்."

"சரிம்மா. இந்த ஒரு தந்தியை மட்டும் இழு. தப்பா வந்தாலும் நிறுத்தாத."

அவள் வேண்டா வெறுப்பாக வயலினை எடுத்து இழுத்தாள். அவர் பீரோ மேலிருந்து தன் வயலினை இறக்கி, தூசியைத் துண்டால் துடைத்து, சுருதி சேர்த்து, எதிரே உட்கார்ந்து அவளோடு சேர்ந்துகொண்டார்.

ரயில் வந்தது. பாயைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போனது. முத்துச்செல்வியின் வில் நிற்கவில்லை. தோளில் இருந்த பை எப்போது நழுவித் தரையில் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

முடிந்ததும் அவள் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தாள்.

"சார்! உங்களுக்கு வயலின் வாசிக்கத் தெரியுமா?"