இருபத்திரண்டாம் வழி

முதலில் சத்தம்தான் கேட்டது. தகரக் கூரைமேல் கோடைமழை இறங்குவதுபோல, ஆனால் மழையைவிட மெத்தென்று. நப்பின்னை பட்டறை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

திண்டிவனம் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை உடைக்கிற மெஷின் எப்படிக் கத்தும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர்கள் கை ஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள். இது கத்தவில்லை.

சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே போனாள்.

ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்து, பருப்பு நிரம்பிய சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்துநாலு வயது. வெல்டிங் பட்டறைக்காரர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அவரைவிடப் பதினாறு வயது சின்னவளான நப்பின்னை, பாலிடெக்னிக்கில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு எடுக்கிறாள். புதிய பொருளை முறையாக, படிப்படியாக யோசித்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித்தருகிற வகுப்பு. ஒரு வருஷம் முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் ஏகாம்பரம்.

"வாங்க டீச்சர்."

"பேட்டன்ட் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்து அஞ்சு மாசம் ஆச்சாமே. ஏஜென்ட் சொல்லித்தான் எனக்கே தெரியுது, அண்ணே."

"சொல்லி என்ன ஆகப்போவுது."

ஊசியை சாக்கிலேயே குத்தி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கவரிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவள் படித்தாள். வகுப்பில் சொல்லித்தந்த அட்டவணையைப் பார்த்து, அதில் கண்ட இருபத்திரண்டாம் வழியைப் பின்பற்றி இந்த இயந்திரத்தைச் செய்ததாக விண்ணப்பதாரரே எழுதியிருக்கிறார். அட்டவணை யாருக்கும் கிடைக்கக்கூடியது. தொழில் தெரிந்த எவரும் அதைப் பின்பற்றினால் இங்கேதான் வந்து சேருவார். எனவே இதில் கண்டுபிடிப்பு ஏதும் இல்லை. ஆறு மாதத்துக்குள் பதில் தரலாம்.

"இதையெல்லாம் எழுதச் சொன்னது யாரு?"

"நடந்ததை எழுதினேன். ஏஜென்ட் வேணாம்னுதான் சொன்னார். படிச்ச இடத்தைச் சொல்லாம எப்படி டீச்சர்?"

"என் பேரை வேற போட்டிருக்கீங்க."

"போடாமலா?"

நப்பின்னைக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பதில் போடப்போறதில்ல. அவங்க சொல்றது நியாயந்தானே? அட்டவணை சொல்லுச்சு, நான் செஞ்சேன். கடையில மாவு வாங்கிட்டு வந்தவன், தோசையக் கண்டுபிடிச்சவன் நான்தான்னு சொல்லிக்கலாமா?"

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"இருபது. அதுக்கப்புறம் விண்ணப்பம் செத்துரும். யார் வேணா செஞ்சுக்கலாம்." சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் பேரு இதுவரைக்கும் ரேஷன் கார்டுல மட்டுந்தான் அச்சாயிருக்கு. இதுல வந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டார். "என்னுது இல்லாததுல பேர் போட்டு என்ன?"

நப்பின்னை கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"அட்டவணையை எடுங்க," என்றாள்.

அது ஒரு பெரிய பிளக்ஸ் துணி. தரையில் விரித்து நாலு மூலையிலும் நட்டுகளை வைத்தார். முப்பத்தொன்பது வரிசை, வரிசைக்கு ஒன்றாக நாம் வேண்டுவது. முப்பத்தொன்பது பத்தி, அதை வேண்டுவதால் கெட்டுப்போவது. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் சில எண்கள். எண்ணுக்கு ஒரு வழி. மொத்தம் நாற்பது வழி.

"உங்க பிரச்சினையைச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா?"

"சொல்லுங்க."

"உருளை வேகமா சுத்துனா நிறைய உடையும். ஆனா பருப்பும் சேர்ந்து உடையும். உடைஞ்ச பருப்பு விதைக்கு ஆகாது."

"வேணுங்கறது?"

"வேகம்."

"கெட்டுப்போறது?"

"பருப்பு. வெளியில இருந்து அடி விழுது."

"விரல் வைங்க."

இடது விரல் ஒன்பதாம் வரிசையில் நகர்ந்தது. வலது விரல் முப்பதாம் பத்தியில் இறங்கியது. இரண்டும் சந்தித்த கட்டத்தில் ஏகாம்பரம் குனிந்தார்.

ஒன்று. இருபத்தெட்டு. முப்பத்தைந்து. இருபத்துமூன்று.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இருபத்திரண்டு இல்லையே."

"இல்லை."

"இருந்துச்சு டீச்சர். நான் பார்த்தேன்."

"எங்க பார்த்தீங்க?"

அவர் வெகுநேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களை மாற்றி வைத்தார். முப்பதாம் வரிசை, ஒன்பதாம் பத்தி. அங்கே இருந்தது.

"வரிசையையும் பத்தியையும் மாத்திப் பிடிச்சிருக்கேன்." குரல் இறங்கிவிட்டது. "முதல் வகுப்புலயே சொன்னீங்க."

"சொன்னேன். போர்டுல கூட எழுதினேன்."

"நோட்டுல எழுதிக்கிட்டேன்."

"பதினொரு வருஷத்துல இதே கணக்கை இருபத்தாறு பேர் போட்டிருக்காங்க அண்ணே. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு மல்லாட்டையை விட்டா வேற என்ன கவலை? எல்லாரும் சரியான கட்டத்தைத்தான் பார்த்தாங்க. உருளையைத் துண்டு துண்டாப் பிரிச்சாங்க. மல்லாட்டையை நனைச்சாங்க. சென்சார் வெச்சாங்க. எல்லாருக்கும் முழு மார்க் போட்டேன்."

"பருப்பு?"

"உடைஞ்சுது."

நப்பின்னை துணியில் அந்த எண்மேல் விரலை வைத்தாள்.

"இருபத்திரண்டாவது வழி என்ன சொல்லுது?"

"தொல்லையையே துணையாக்கு."

"படிச்சதும் என்ன தோணுச்சு?"

"உடைஞ்ச பருப்பைச் செக்குக்கு அனுப்பலாம்னு. அதைத்தான் எல்லாரும் அனுப்புறாங்க. உரிஞ்ச மேல் ஓட்டை எரிக்கலாம்னு. அதையும் எரிக்கறாங்க. நாலு மாசம் அப்படியே கிடந்துச்சு. அப்புறம் நினைச்சேன், எந்த மெஷினா இருந்தாலும் ஃபேன் வெச்சு ஓட்டை உடனே ஊதித் தள்றோமே, சல்லடையை அடைக்கும்னு. ஊதாம உள்ளயே விட்டுப் பார்த்தா?" தலையைச் சொறிந்துகொண்டார். "சல்லடையை மூணு தடவை மாத்துனேன். விட்டேன். ஓடு ஓட்டோட உரசுது. பருப்பு நடுவுல அடிபடாம கிடக்குது. அவ்வளவுதான் டீச்சர்."

நப்பின்னை எழுந்து மெஷினிடம் போனாள். மூடியைத் தூக்கினாள். பாதி உயரத்துக்கு ஓடு. கையை உள்ளே விட்டாள். முழங்கை வரைக்கும் போயிற்று. வெதுவெதுப்பாக இருந்தது, ஏதோ உயிருள்ளதற்குள் கையை விட்டதுபோல. ஓடுகள் விரலைக் கீறவில்லை, வழிவிட்டன. அடியில் உருண்டையாக, வழவழப்பாக ஏதோ பட்டது. அவள் கையை எடுக்கவே இல்லை. பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த நாற்பது வழியில் ஒன்று, இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏகாம்பரம் அவள் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"இது இன்னும் மோசம் டீச்சர். அட்டவணையும் தரல, நானும் தரல. விரல் மாறிப்போனதுல வந்திருக்கு."

"பதில்ல அதை எழுதுங்க. இருபத்தாறு பேரோட நோட்டையும் நான் தரேன். சேர்த்து அனுப்புங்க. அட்டவணைப்படி போன யாரும் இங்க வந்து சேரலைன்னு அவங்களே பார்க்கட்டும்."

"மாத்திப் பார்த்தேன்னா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"சரியாப் பார்த்து வந்திருந்தா என்னுது இல்ல. தப்பாப் பார்த்து வந்ததால என்னுதா? இது என்ன நியாயம்?"

அவள் திரும்பினாள். கை முழுக்கத் தூசி.

"சரியாப் பார்த்து வந்திருந்தாலும் கேள்வி ஒண்ணுதான் அண்ணே. எந்த வழியா வந்தீங்கன்னு சட்டம் கேக்கல. நீங்களாத்தான் சொன்னீங்க."

"வேற என்ன கேக்குது?"

மூடியிருந்த கையை அவர் முன்னால் விரித்தாள். நாலு பருப்பு. ரோஜா நிறத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"நீங்க வந்து சேர்ந்த இடத்துல, உங்களுக்கு முன்னாடி யாராவது நின்னுக்கிட்டு இருந்தாங்களா?"

ஏகாம்பரம் அந்தக் கையைப் பார்த்தபடி இருந்தார். "அந்த நோட்டுங்களைக் கொண்டாங்க டீச்சர்," என்றார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாக்கில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.