ராஜா ஏறினால் நிமிரும் சாரட்டு

மருதங்குறிச்சி சமஸ்தானம் ரொம்பச் சின்னது. காலையில் ஒரு எல்லையில் அவிழ்த்துவிட்ட மாடு, மத்தியானத்துக்குள் மறு எல்லைக்கு மேய்ந்து போய்விடும். ஆனால் அதை ஆண்ட பூபதி ராஜா சின்னவர் இல்லை. அவரை முழுதாகப் பார்க்க நாலடி தள்ளி நிற்க வேண்டும்.

அவரிடம் நாலு சக்கரச் சாரட்டு ஒன்று இருந்தது. ஒருநாள் மாடத்திலிருந்து அதைப் பார்த்தார். யாரும் ஏறாத வெறும் வண்டி. பின்பக்கம் தூக்கியும் முன்பக்கம் தாழ்ந்தும் நின்றது.

"என் சாரட்டு யாரைப் பார்த்துத் தலை குனிகிறது?" என்று கத்தினார்.

லாயத்து அதிகாரி பிரமநாயகம் ஓடி வந்தார். ஒல்லியான ஆள், ஆனால் ஆசை பெரிது. "இதோ, இப்போதே நிமிர்த்திவிடுகிறேன்!" என்றார். வண்டி செய்யும் உலகநாத ஆசாரியைக் கூப்பிட்டு, முன்பக்கத்தை நாலு விரல் உயர்த்தச் சொன்னார்.

"வேணாங்க. ராஜா உக்காருறது பின்னாடி. அவர் ஏறினா அமுங்கும்னுதான் பின்பக்கம் ஒசத்தியே செஞ்சிருக்கு" என்றார் ஆசாரி.

"சொன்னதைச் செய்யும்!"

செய்தார். வெறும் வண்டி சமமாக நின்றது. பிரமநாயகத்துக்குச் சால்வை கிடைத்தது.

மறுநாள் ராஜா கோயிலுக்குக் கிளம்பினார். அவர் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. தெருவெல்லாம் ஜனங்கள் கும்பிட்டார்கள். ராஜாவுக்குத் தெரிந்ததோ காக்கைகள் மட்டும்தான். தேரடியில் தலைப்பாகை பின்னால் உருண்டு விழுந்தது.

பிரமநாயகம் கூசாமல் சொன்னார்: "எல்லாம் ஆசாரியின் அரைகுறை வேலை, மகாராஜா!"

ராஜா கொதித்தார். "விஜயதசமி ஊர்வலத்தில் நான் ஏறினால் வண்டி சமமாக இருக்க வேண்டும். நான் இறங்கினால் கண்டவனுக்கெல்லாம் தலை குனியக் கூடாது. உயர்த்திய முன்பக்கத்தை இறக்கவும் கூடாது. தவறினால் ஆசாரி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்!"

ஆசாரியின் மனைவிக்கு அது நிறைமாதம். பாவம், அந்த மனுஷன் நேரே அவிநாசி வீட்டு வாசலில் போய் நின்றார். அவிநாசி அரண்மனையில் ஓலை வாசிப்பவர். ஓலையில் இல்லாததையும் சமயம் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்.

"பின்பக்கத்தையும் நாலு விரல் தூக்க முடியுமா?" என்று கேட்டார் அவிநாசி.

"தூக்கலாம் சாமி. சக்கரத்து அச்சுக்கும் வண்டியைத் தாங்குற வில்லுக்கும் நடுவுல கட்டை வெக்கணும். ஆனா ராஜா எறங்கினதும் பழையபடி முன்னாடி தாழ்ந்துருமே! அப்புறம் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"கட்டையை நீர் பாரும். தாழ்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஆசாரி வைரம் பாய்ந்த கருவேலத்தில் இரண்டு கட்டைகள் செதுக்கினார். பக்கத்துக்கு ஒன்று. துண்டு துண்டாக அடுக்கினால் நழுவும் என்று ஒரே மரத்தில் செய்தார். அச்சையும் வில்லையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய கவ்வுக் கம்பிகள் எட்டவில்லை. கொல்லரிடம் நீளமாக அடித்து வாங்கி முடுக்கினார். சாரட்டை ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி முடுக்கினார்.

விஜயதசமி வந்தது. அரண்மனை முற்றத்தில் சாரட்டு, முன்பக்கம் தாழ்ந்து நின்றது.

"பாருங்கள், பாருங்கள்! மறுபடியும் தலை குனிகிறது!" என்று துள்ளினார் பிரமநாயகம்.

ராஜாவின் மீசை துடித்தது.

அவிநாசி நிதானமாகக் கைகட்டி நின்றார். "மகாராஜா, தாங்கள் தரையில் நிற்கும்போது தங்கள் வண்டி தலை நிமிர்ந்து நிற்கலாமா? அவ்வளவு மரியாதை கெட்டதா அது? தாங்கள் ஏறினால்தான் நிமிரும். வேறு யார் ஏறினாலும் நிமிராது. அதிகாரி ஏறிப் பார்க்கட்டும்."

பிரமநாயகம் ஏறினார். பின்னிருக்கையின் நடுவில் உட்கார்ந்தார், எழுந்தார், குதித்தும் பார்த்தார். சாரட்டு அசைந்து கொடுக்கவில்லை. முற்றத்தில் சிரிப்பை அடக்க ஆளாளுக்கு இருமினார்கள்.

பிறகு ராஜா ஏறினார். பின்பக்கம் மெல்ல அமுங்க, முன்பக்கம் கம்பீரமாக நிமிர்ந்தது. நூல் பிடித்தாற்போல் சமம். அதுவும் முன்னைவிட நாலு விரல் உயரத்தில்!

"அட, என்னைத் தெரிகிறதே இதற்கு!" ராஜா குழந்தைபோல் கை தட்டினார். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

பிரமநாயகத்துக்கு வயிறு எரிந்தது. "மோசடி, மகாராஜா! மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அரிசி மூட்டை ஏற்றினாலும் நிமிரும்!"

"அப்படியா? ஏற்று" என்று இறங்கினார் ராஜா.

ஒரு மூட்டை ஏறியது. வண்டி கொஞ்சம் அசைந்தது. இரண்டாவது ஏறியது. இன்னும் போதவில்லை. மூன்றாவது ஏறியதும் சாரட்டு நிமிர்ந்து சமமாக நின்றது.

"பார்த்தீர்களா!" பிரமநாயகம் ஆனந்தக் கூத்தாடினார். "தாங்களும் மூன்று மூட்டை அரிசியும் ஒன்றுதான், மகாராஜா! இம்மி பிசகவில்லை!"

அந்த அரண்மனையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது ராஜாவின் எடை. பிறந்தநாள் துலாபாரத்தின்போதுகூடத் தராசைச் சுற்றித் திரை கட்டித்தான் நிறுப்பார்கள். அதைத்தான் இந்த மனிதர் ஊர்கூடிய இடத்தில் மூட்டைக் கணக்கில் சொல்லிவிட்டார்.

அவிநாசி தொண்டையைச் செருமினார். "மகாராஜா, நான் வண்டியை மட்டும்தான் அளந்தேன். அதிகாரி தங்களையே அளந்துவிட்டார்."

பிரமநாயகத்தின் முகம் வெளுத்தது. ராஜா அவரை முறைத்தார். மூட்டைகளை முறைத்தார். அப்புறம் தம் வயிற்றையே ஒருமுறை குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், குபீரென்று சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ஆசாரி, நீர் ஊரிலேயே இரும். வண்டி அருமை! அவிநாசி, அந்தச் சால்வை இனி உமக்கு. இந்த மூன்று மூட்டையும் ஆசாரி வீட்டுக்குப் போகட்டும்."

காவலர்கள் மூட்டையைத் தூக்க ஓடினார்கள்.

"நில்லுங்கள்!" என்றார் ராஜா. "பிரமநாயகமே சுமக்கட்டும். என் எடையைச் சொன்னால் போதுமா? தெரிந்துகொள்ள வேண்டாமா?"